மகனுக்கு வீட்டிலேயே பராமரிப்பு: மெடிக்கெய்ட் வேய்வரும் காத்திருப்புப் பட்டியலும்

பொருநைக்கரை (டெக்சாஸ்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகனுக்கு ஒன்பது வயதாகிறது. ஆட்டிசமும் அறிவுசார் குறைபாடும் இருப்பதாக மருத்துவர்கள் உறுதி செய்துள்ளனர். இன்னும் பேச்சு வரவில்லை, இரவில் தூக்கம் மிகக் குறைவு, தனியே விட்டால் கதவைத் திறந்து சாலைக்குப் போய்விடுவான். நானும் மனைவியும் வேலைக்குச் செல்கிறோம். பள்ளி முடிந்த பின்னர் அவனைப் பார்த்துக்கொள்ள ஒருவரை அமர்த்தி, அந்தச் செலவை இதுவரை நாங்களே ஏற்று வந்திருக்கிறோம்.

வறியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து செலவை ஏற்கும் மருத்துவ உதவித் திட்டமான மெடிக்கெய்டின் நிதியிலிருந்து வீட்டுக்கே உதவியாளரை அனுப்பும் திட்டங்கள் உண்டென்று பள்ளியில் மற்றொரு பெற்றோர் சொன்னார். எங்கள் வருமானத்திற்கு அது கிடைக்குமா என்பதும், மகன் இங்கே பிறந்தவன் என்றாலும் நாங்கள் இன்னும் கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்கள் என்பதால் இதற்கு விண்ணப்பித்தால் எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பத்துக்குப் பாதகம் வருமா என்பதும் எங்கள் ஐயங்கள். காத்திருப்புப் பட்டியலில் பதிந்தால் பத்தாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் பதிவதில் என்ன பயன் என்றும் தெரியவில்லை. அனுபவமுள்ளோர் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

முல்லைநிலம் (ஜார்ஜியா) எழுதியது:

ஐயா, வருமானத்தைப் பற்றிய ஐயத்தை முதலில் தீர்த்துவிடலாம். வேய்வர் என்பது, மெடிக்கெய்டின் வழக்கமான விதிகளுக்கு விலக்குப் பெற்று, வீட்டிலேயே பராமரிப்புத் தரும் திட்டம். இத்தகைய திட்டங்களில் பெரும்பாலானவை குழந்தையின் பெயரில் உள்ள வருமானத்தையும் சொத்தையும் மட்டுமே பார்க்கின்றன. பெற்றோர் ஈட்டுவது அங்கே தடையாவதில்லை. இந்த விதி எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால், காத்திருப்புப் பட்டியல் ஏன் இருக்கிறது என்பதும் விளங்கிவிடும்.

1965இல் மெடிக்கெய்ட் தொடங்கியபோது, நீண்டகாலப் பராமரிப்பு என்றால் நர்சிங் ஹோம், அதாவது முதியோரும் நோயுற்றோரும் தங்கிப் பராமரிப்புப் பெறும் இல்லம், என்றே சட்டம் கருதியது. தகுதியுள்ள பெரியவர் ஒருவருக்கு நர்சிங் ஹோம் செலவை ஏற்பது மாநிலத்தின் கட்டாயக் கடமை. வீட்டில் வைத்துக் குளிப்பாட்டி, உணவூட்டி, வெளியே அழைத்துச் செல்ல ஆள் தருவதோ மாநிலம் விரும்பினால் தரலாம் என்ற அளவில்தான் விடப்பட்டது. அறுபது ஆண்டுகளாகியும் இந்த ஏற்றத்தாழ்வு சட்டத்தில் அப்படியே இருக்கிறது.

அயோவா மாநிலத்தைச் சேர்ந்த கேட்டி பெக்கெட் என்ற குழந்தை, மூளை அழற்சியால் பாதிக்கப்பட்டு, சுவாசக் கருவியின் துணையோடு மருத்துவமனையிலேயே வளர்ந்தாள். மருத்துவமனையில் இருக்கும் வரை பெற்றோரின் வருமானம் கணக்கில் வராததால் மெடிக்கெய்ட் பணம் தந்தது. வீட்டுக்கு அழைத்துச் சென்றால் அந்த வருமானம் கணக்கில் வந்து உதவி நின்றுவிடும் என்ற நிலை. வீட்டுப் பராமரிப்புக்கு ஆகும் செலவோ மருத்துவமனைச் செலவைவிடப் பலமடங்கு குறைவு. 1981 நவம்பரில் அதிபர் ரீகன் செய்தியாளர்களிடம் இந்த நிலையைக் குறிப்பிட்டுக் கண்டித்த பிறகு அவள் வீடு திரும்பினாள். பெற்றோரின் வருமானத்தைப் பாராமல் குழந்தைக்கு மெடிக்கெய்ட் தர மாநிலங்களுக்கு 1982இல் வழி செய்யப்பட்டது. அதற்குச் சற்று முன்பே, 1981ஆம் ஆண்டின் வரவு செலவுச் சட்டம் 1915-சி என்ற பிரிவைச் சேர்த்திருந்தது. இன்று நாம் வேய்வர் என்று சொல்வதில் பெரும்பகுதி அந்தப் பிரிவின்கீழ் வருவதே.

அந்தப் பிரிவு இரண்டு கட்டுப்பாடுகளோடு வந்தது. சேவை பெறுபவர் நர்சிங் ஹோமிலோ அதற்கு இணையான நிறுவனத்திலோ சேர்க்கத்தக்க அளவு பராமரிப்புத் தேவை உடையவராக இருக்க வேண்டும். சராசரிச் செலவு நிறுவனச் செலவை மீறக் கூடாது. இவற்றுக்குக் கைம்மாறாக, எத்தனை பேருக்கு இடம் என்பதை மாநிலமே வரையறுத்துக்கொள்ளலாம். காத்திருப்புப் பட்டியல் பிறப்பது இங்கேதான். நர்சிங் ஹோமுக்குத் தகுதி பெற்றவரிடம் எங்கள் ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது என்று மாநிலம் சொல்ல முடியாது, வேய்வர் கேட்பவரிடம் சொல்லலாம். அண்மை ஆண்டுகளில் நாடெங்கும் இத்தகைய பட்டியல்களில் ஆறு முதல் ஏழு லட்சம் பேர் வரை இருந்திருக்கிறார்கள்.

எங்கள் மாநிலத்திலிருந்து எழுந்த ஒரு வழக்கையும் சொல்லியாக வேண்டும். லோயிஸ் கர்ட்டிஸ், எலெய்ன் வில்சன் என்ற இரு பெண்கள் வெளியே வாழத் தகுதியானவர்கள் என்று மருத்துவர்களே கூறியும், அட்லாண்டாவில் அரசு மனநல மருத்துவமனையில் தொடர்ந்து வைக்கப்பட்டிருந்தார்கள். தேவையின்றி ஒருவரை நிறுவனத்தில் அடைத்து வைப்பது மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி பாகுபாடே என்று 1999 ஜூன் 22 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் நியாயமான வேகத்தில் நகரும் காத்திருப்புப் பட்டியலை வைத்துக்கொள்ள மாநிலங்களுக்கு அதே தீர்ப்பு இடம் தந்தது. எது நியாயமான வேகம் என்பதைப் பற்றித்தான் அன்று முதல் வழக்குகள் நடந்து வருகின்றன.

வெண்கொற்றன் (டெக்சாஸ்) எழுதியது:

நான் உங்கள் மாநிலத்தவன், எனக்கு வளர்ந்த மகள் இருக்கிறாள் என்பதால் செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன். இன்றே பதியுங்கள். டெக்சாஸில் பட்டியலில் பெயர் சேர்க்கத் தகுதிச் சோதனை எதுவும் முன்கூட்டி நடத்தப்படுவதில்லை. பதிந்த நாளிலிருந்து உங்கள் இடம் கணக்காகும், முறை வரும்போதுதான் தகுதியைப் பார்ப்பார்கள். இங்குள்ள வேய்வர்களில் எச்சிஎஸ், டெக்சாஸ் ஹோம் லிவிங் என்ற இரண்டுக்கும் உங்கள் வட்டாரத்தின் அறிவுசார் குறைபாட்டு ஆணையத்திடம் பதிய வேண்டும். கிளாஸ் என்ற வேய்வருக்கும், மருத்துவச் சார்புள்ள குழந்தைகளுக்கான திட்டத்திற்கும் மாநில சுகாதாரத் துறையைத் தொலைபேசியில் அழைத்தால் போதும். ஒரே நேரத்தில் பல பட்டியல்களில் இருக்கலாம். பதிந்ததற்கான கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். முகவரியோ தொலைபேசி எண்ணோ மாறினால் உடனே தெரிவியுங்கள். முறை வந்து அவர்கள் தேடும்போது நீங்கள் கிடைக்காவிட்டால் அத்தனை ஆண்டுக் காத்திருப்பும் வீணாகும்.

பத்தாண்டு ஆகும் என்றால் என்ன பயன் என்று கேட்டிருந்தீர்கள். பத்தாண்டில் உங்கள் மகனுக்குப் பத்தொன்பது வயது ஆகியிருக்கும். பள்ளி முடியப்போகும், உடல் வளர்ந்த, நீங்கள் இருவரும் ஐம்பதைத் தாண்டிய அந்தக் காலத்தில்தான் இந்த உதவி இன்றியமையாததாகும்.

பதினெட்டு வயதில் ஒரு கதவு தானே திறக்கிறது. அந்த வயதுக்குப் பின், வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்கும் மத்திய அரசு மாதந்தோறும் தரும் எஸ்எஸ்ஐ உதவித்தொகைக்குப் பெற்றோரின் வருமானம் பார்க்கப்படுவதில்லை. அது கிடைத்தால் டெக்சாஸில் மெடிக்கெய்டும் கூடவே வரும். மெடிக்கெய்ட் வந்ததும், பராமரிப்புத் தேவை போதிய அளவு இருந்தால், கம்யூனிட்டி ஃபர்ஸ்ட் சாய்ஸ் என்ற திட்டத்தின்கீழ் உதவியாளரைக் கோரலாம். இது 2015 முதல் இங்கே நடைமுறையில் உள்ளது. வேய்வர் அல்ல என்பதால் இதற்குக் காத்திருப்புப் பட்டியல் கிடையாது. இத்திட்டத்தை ஏற்கும் மாநிலங்களுக்கு மத்திய அரசு தன் வழக்கமான பங்குக்கு மேல் ஆறு சதவீதப் புள்ளிகள் கூடுதலாகத் தருகிறது. ஆகவே வேய்வருக்குக் காத்திருப்பதோடு நின்றுவிடாமல், பதினெட்டாவது பிறந்த நாளுக்கு முன்பே எஸ்எஸ்ஐ விண்ணப்பத்துக்கு வேண்டிய மருத்துவ, பள்ளி ஆவணங்களைத் திரட்டி வையுங்கள்.

வடக்குவீதி (ஓஹையோ) எழுதியது:

இத்திரியின் போக்கோடு நான் முழுவதும் உடன்படவில்லை. நல்ல வருமானம் உள்ள குடும்பங்கள், வறியவர்களுக்கென்று தொடங்கப்பட்ட ஒரு திட்டத்தில் இடம் பிடிப்பது முறைதானா என்று நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். வீட்டுப் பராமரிப்பு, நிறுவனத்தில் வைத்துப் பராமரிப்பதைவிட மலிவு என்பதும் ஒருவருக்கு மட்டும் கணக்குப் பார்த்தால்தான் சரி. நர்சிங் ஹோமுக்கு ஒருபோதும் போகாதவர்கள்கூட, வீட்டுக்கு ஆள் வருவதென்றால் விண்ணப்பிப்பார்கள்; மொத்தச் செலவு கூடும். மாநிலங்கள் இடங்களை வரையறுப்பதற்கு இந்த அச்சமே காரணம். தவிரவும், பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் பெற்றோரைப் பார்த்துக்கொள்வதும் நம் கடமை அல்லவா?

முல்லைநிலம் (ஜார்ஜியா) எழுதியது:

நண்பரே, செலவைப் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது, இதைச் சட்டமன்றங்களில் நாற்பது ஆண்டுகளாகக் கேட்கிறார்கள். புதிதாக விண்ணப்பிப்போர் வருவார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் எல்லாரும் நிறுவனத்தில் சேர்க்கத்தக்க அளவு தேவை உடையவர்கள் என்று மாநிலமே சான்றளித்த பிறகுதான் உள்ளே வருகிறார்கள். அத்தகைய ஒருவர் இதுவரை அரசிடம் எதுவும் கேட்காமல் இருந்தார் என்றால், வீட்டில் யாரோ ஒருவர், பெரும்பாலும் தாய் அல்லது மனைவி அல்லது மருமகள், வேலையை விட்டு அந்தச் செலவைத் தன் வாழ்நாளாலேயே ஈடுசெய்துகொண்டிருந்தார் என்று பொருள். அதை மிச்சம் என்று எழுதும் கணக்கை என்னால் ஏற்க முடியாது.

கடமையை யாரும் மறுக்கவில்லை. வேய்வர் கிடைத்த வீடுகளிலும் நாளின் பெரும்பகுதிப் பராமரிப்பைக் குடும்பமே ஊதியமின்றிச் செய்கிறது. அரசு தருவது வாரத்தில் சில மணி நேர உதவியாளர், பெற்றோர் சற்று ஓய்வெடுக்கும் வகையில் மாற்றுப் பராமரிப்பு, சக்கர நாற்காலிக்கு ஏற்ற சாய்தளம், பயிற்சி மையத்துக்குப் போக்குவரத்து போன்றவை. இந்தச் சில மணி நேரம் இருப்பதால்தான் பல குடும்பங்கள் கடமையைத் தொடர்ந்து ஆற்ற முடிகிறது. இடையில் தாய் நோயுற்று விழுந்தால், அப்போது மாநிலம் நிறுவனச் செலவு முழுவதையும் மறுப்பின்றி ஏற்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

வருமானம் உள்ளவர்கள் வறியோரின் இடத்தைப் பறிக்கிறார்கள் என்பதற்கும் விடை உண்டு. இடங்கள் குறைவாக இருப்பது சட்டமன்றம் ஒதுக்கும் தொகையால். கடும் குறைபாடுள்ள பிள்ளையின் வாழ்நாள் முழுமைக்குமான பராமரிப்பை எந்தச் சம்பளமும் தாங்காது. தனியார் காப்பீடும் இதை ஏற்பதில்லை. 2013ஆம் நிதியாண்டு முதல் மெடிக்கெய்டின் நீண்டகாலப் பராமரிப்புச் செலவில் பாதிக்கு மேல் வீட்டுக்கும் சமூகத்துக்கும் சென்று வருகிறது. அந்த மாற்றம் தானாக நிகழவில்லை; பெற்றோரும் மாற்றுத்திறனாளிகளும் தலைநகரங்களில் போய் நின்று கேட்டதால் நிகழ்ந்தது.

செங்காந்தள் (கலிபோர்னியா) எழுதியது:

மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு எவ்வளவு பெரிது என்பதற்குக் கலிபோர்னியா சான்று. 1969இல் இங்கே இயற்றப்பட்ட லாண்டர்மன் சட்டம், வளர்ச்சிக் குறைபாடுள்ளவர்களுக்குச் சேவை பெறும் உரிமையைத் தந்தது. மாநில உச்ச நீதிமன்றமும் 1985இல் அதை உறுதி செய்தது. அதனால் இச்சேவைகளை ஏற்பாடு செய்யும் இருபத்தொரு வட்டார மையங்களில் ஒன்றில் தகுதி பெற்ற குழந்தையை டெக்சாஸ் போல் ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிறுத்துவதில்லை. உரிமை இருந்தால் எல்லாம் உடனே நடந்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஆள் கிடைப்பது அரிது, ஒவ்வொரு மணி நேரத்தையும் ஆண்டுக் கூட்டத்தில் வாதாடிப் பெற வேண்டியிருக்கிறது.

ஐஎச்எஸ்எஸ் என்ற வீட்டுச் சேவைத் திட்டமும் இங்கே உண்டு. பராமரிப்பவராகப் பெற்றோரையே அமர்த்தி மாநிலம் ஊதியம் தரும். மாதத்துக்கு உச்சவரம்பு 283 மணி நேரம். பேராபத்தில் போய் விழக்கூடிய பிள்ளையைக் கண்காணிக்கும் நேரத்தையும் இதில் கோரலாம். கதவைத் திறந்து போய்விடுவான் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. பராமரிப்பவர் அதே வீட்டில் வசித்தால், 2014ஆம் ஆண்டின் வருமான வரித் துறை அறிவிக்கை ஒன்றின்படி அந்த ஊதியத்துக்கு மத்திய வருமான வரி இல்லை.

ஆனால் இதைக் கேட்டு அவசரப்பட்டு வீட்டை மாற்றிவிடாதீர்கள். வேய்வர் மாநில எல்லையைத் தாண்டுவதில்லை. ஒரு மாநிலத்தில் கிடைத்த இடத்தை விட்டுப் புறப்பட்டால், புதிய மாநிலத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வேலை மாறும்போது சம்பளத்தையும் பள்ளியையும் ஒப்பிடும் நம் குடும்பங்கள் இதை ஒப்பிட மறந்துவிடுகின்றன.

தெற்குவாசல் (நியூ ஜெர்சி) எழுதியது:

கிரீன் கார்டு பற்றிய கேள்விக்கு யாரும் இன்னும் விடை சொல்லவில்லை. 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த விதி, கிரீன் கார்டு கேட்பவர் அரசைச் சார்ந்து வாழக்கூடியவரா என்று பார்க்கும்போது, ரொக்க உதவியையும் அரசுச் செலவில் நீண்டகாலம் நிறுவனத்தில் தங்குவதையும் மட்டுமே கருதுகிறது. வீட்டுப் பராமரிப்புச் சேவைகளை அது சேர்ப்பதில்லை. குடியுரிமை பெற்ற பிள்ளை பெறும் உதவியைப் பெற்றோர்மேல் ஏற்றுவதும் இல்லை. எனினும் அந்த விதியை நீக்கும் முன்மொழிவை மத்திய அரசு 2025 நவம்பரில் வெளியிட்டது. ஆதலால் விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர்கள் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் இன்றைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டியலில் பெயர் பதிவது மட்டும் எந்த உதவியையும் பெறுவதாகாது.

முதிய பெற்றோரை ஊரிலிருந்து அழைத்து வந்தவர்களுக்கும் ஒரு சொல். கிரீன் கார்டில் வரும் பெற்றோருக்கு 1996ஆம் ஆண்டின் சட்டப்படி முதல் ஐந்தாண்டு மத்திய நிதியிலான மெடிக்கெய்ட் கிடையாது. முதியோருக்கான மத்திய மருத்துவக் காப்பீடான மெடிக்கேரும் 65 வயதைக் கடந்து, ஐந்தாண்டு தொடர்ந்து வசித்த பிறகே மாதச் சந்தா கட்டிப் பெறத்தக்கது. அப்போதும் அது அம்மாவைக் குளிப்பாட்டி உணவூட்ட ஆள் தராது. வீட்டை விட்டு எளிதில் வெளியேற முடியாதவருக்குச் செவிலியரின் தேவை இருக்கும்போது குறுகிய காலச் சேவை தரும், அவ்வளவே. பக்கவாதம் வந்த பிறகு இதை அறிந்து திகைத்துப்போன பல குடும்பங்களை எனக்குத் தெரியும்.

ஐந்தாண்டு கடந்து, வருமானமும் சொத்தும் குறைவாக உள்ள முதியவருக்குப் பேஸ் என்ற திட்டம் உள்ளதா என்று உங்கள் வட்டாரத்தில் விசாரியுங்கள். சான் பிரான்சிஸ்கோவின் சைனா டவுனில், பெற்றோரை நர்சிங் ஹோமுக்கு அனுப்ப விரும்பாத குடும்பங்களுக்காக 1970களில் ஆன் லோக் என்ற அமைப்பு தொடங்கிய முறை அது. பகல்நேர மையம், மருத்துவர், வீட்டு உதவி, வாகனம் எல்லாவற்றையும் ஒரே அமைப்பு ஏற்கும். அதற்கு மெடிக்கேரும் மெடிக்கெய்டும் மாதந்தோறும் ஆளுக்கு இவ்வளவு என்று தரும். 1997ஆம் ஆண்டின் சட்டம் அதை நாடெங்கும் நிலையான திட்டமாக்கியது. புலம்பெயர்ந்த ஒரு சமூகம் தனக்கென்று கட்டிய மையத்திலிருந்து நாட்டுக்கே ஒரு திட்டம் கிடைத்தது என்பதை நம் சங்கங்கள் கவனிக்க வேண்டும்.

மாலைநிலா (இல்லினாய்) எழுதியது:

நான் மறுபக்கத்திலிருந்து பேசுகிறேன். வீட்டுப் பராமரிப்பு உதவியாளராகப் பணிபுரிகிறேன். வேய்வர் கிடைத்துவிட்டது, மணி நேரமும் ஒதுக்கியாயிற்று, ஆள் மட்டும் வரவில்லை என்று குடும்பங்கள் வருந்துவதைத் தொடர்ந்து பார்க்கிறேன். எங்கள் கூலியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சந்தை அல்ல, மாநிலம் நிர்ணயிக்கும் மெடிக்கெய்ட் விலையே. அதில் முகவர் நிறுவனம் தன் செலவை எடுத்துக்கொண்ட பின் எஞ்சுவதுதான் எங்களுக்கு. ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குச் செல்லும் நேரமும் பெட்ரோலும் பல இடங்களில் எங்கள் கணக்கிலேயே போகின்றன. கிடங்கு வேலைக்குப் போனால் கூடக் கிடைக்கும் என்று நல்ல உதவியாளர்கள் விலகிவிடுகிறார்கள்.

2021இல் கொரோனா நிவாரணச் சட்டம் ஓராண்டுக் காலத்துக்கு மத்தியப் பங்கைப் பத்து சதவீதப் புள்ளிகள் உயர்த்தியபோது, பல மாநிலங்கள் அதிலிருந்து கூலியையும் ஊக்கத்தொகையையும் உயர்த்தின. அந்தப் பணம் ஒருமுறை வந்தது, தீர்ந்துவிட்டது. தனிப் பராமரிப்பு போன்ற சேவைகளுக்கு மெடிக்கெய்ட் தரும் தொகையில் 80 சதவீதம் ஊழியரின் ஊதியத்துக்கே சேர வேண்டும் என்று 2024இல் ஒரு விதி வந்தது. அதை நிறைவேற்ற ஆறாண்டு அவகாசம் தரப்பட்டுள்ளது. அந்த விதியைக் காப்பாற்றுவதில் குடும்பங்களும் எங்களோடு நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முல்லைநிலம் (ஜார்ஜியா) எழுதியது:

சகோதரி எழுதியதை அப்படியே வழிமொழிகிறேன். நிதியின் எதிர்காலம் பற்றியும் எழுதிவிடுகிறேன். 2025 ஜூலை 4 அன்று கையொப்பமான சட்டம், பத்தாண்டுகளில் மத்திய அரசின் மெடிக்கெய்ட் செலவை 900 பில்லியன் டாலருக்கும் மேல் குறைக்கும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அச்சட்டம் வேய்வர்களை நேரடியாக வெட்டவில்லை என்பது சரியே. ஆனால் மத்தியப் பங்கு சுருங்கி, மாநிலங்கள் மருத்துவமனைகள் போன்றவற்றின் மீது வரி விதித்துத் தம் பங்கைத் திரட்டும் வழியும் குறுகும்போது, மாநிலம் கை வைக்கத்தக்க இடம் எது? நர்சிங் ஹோம் கட்டாயம், மருத்துவமனை கட்டாயம். விருப்பச் சேவைகளில் பெரிதாக எஞ்சியிருப்பது நம் பிள்ளைகளின் வீட்டுப் பராமரிப்பே. இடங்களைக் கூட்டாமல் இருந்தாலே போதும், வெட்டு என்ற சொல்லே எழாமல் பட்டியல் நீண்டுவிடும்.

அதே சட்டத்தின்படி, புகலிடம் பெற்றவர்களும் அகதிகளும் 2026 அக்டோபர் 1 முதல், கிரீன் கார்டு பெறும் வரை, மத்திய நிதியிலான மெடிக்கெய்டை இழக்கிறார்கள். குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் மாநிலங்கள் விலக்கு அளிக்கலாம். புகலிடம் பெற்று இங்கே வாழும் ஈழத் தமிழ்க் குடும்பங்கள் நம்மிடையே இருப்பதால் இதைச் சங்கங்கள் வழியே தெரிவியுங்கள்.

உதவி பெற்றுக்கொண்டிருப்பவர்கள் மணி நேரக் குறைப்பு அறிவிப்பு வந்தால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். குறைப்புக்குப் பொதுவாகப் பத்து நாள் முன்னரே எழுத்தில் காரணம் தர வேண்டும். குறைப்பு நடைமுறைக்கு வரும் நாளுக்குள் மேல்முறையீடு செய்து, சேவை தொடர வேண்டும் என்றும் கேட்டால், விசாரணை முடியும் வரை பழைய மணி நேரமே நீடிக்கும். மேல்முறையீடு தோற்றால் இடைக்காலச் செலவைத் திருப்பிக் கேட்கும் அதிகாரம் மாநிலத்துக்கு உண்டு என்பதையும் அறிந்து முடிவெடுங்கள்.

பொருநைக்கரை (டெக்சாஸ்) எழுதியது:

அனைவருக்கும் நன்றி. எங்கள் வட்டார ஆணையத்திலும் மாநிலத் துறையிலும் பெயர் பதிந்துவிட்டோம். மற்றொன்று கேட்க வேண்டும். என் மாமனார், பேரனுக்குப் பிற்காலத்தில் ஆதரவாக இருக்கட்டும் என்று, திருநெல்வேலியில் உள்ள மனை ஒன்றை அவன் பெயருக்கு எழுதி வைக்க விரும்புகிறார். இங்கே அது பிரச்சினையாகுமா?

வெண்கொற்றன் (டெக்சாஸ்) எழுதியது:

ஆகும் ஐயா. எஸ்எஸ்ஐக்குத் தனியொருவரின் சொத்து வரம்பு 2,000 டாலர். 1989 முதல் அது உயரவே இல்லை. விற்றுப் பணமாக்கத்தக்க மனை இந்தியாவில் இருந்தாலும் அது அவன் சொத்துதான். பதினெட்டு வயதில் எஸ்எஸ்ஐயும், அதையொட்டி வரும் மெடிக்கெய்டும், நான் முன்பு சொன்ன உதவியாளரும் அந்த ஒரு பத்திரத்தால் கைநழுவக்கூடும். அவன் பெயரில் வங்கிச் சேமிப்பு இருந்தாலும் இதே நிலைதான்.

இதற்கு வழி உண்டு. அவன் சொத்தாகக் கணக்கிடப்படாத சிறப்புத் தேவை அறக்கட்டளை ஒன்றை நீங்கள் நிறுவி, தாத்தாவின் கொடையும் உங்கள் உயிலும் அதற்கே சேரும்படி செய்யலாம். மற்றவர்களின் பணத்தால் அமைந்த அறக்கட்டளையில் மீதமிருப்பதை, அவன் காலத்துக்குப் பின் மெடிக்கெய்ட் கோர முடியாது. அவனுடைய சொந்தப் பணத்தால் அமைந்ததென்றால் அரசுக்குத் திருப்பித் தர வேண்டியிருக்கும். சிறு தொகைகளுக்கு, அந்தச் சொத்து வரம்பில் சேராத, மாற்றுத்திறனாளிகளுக்கான ஏபிள் சேமிப்புக் கணக்கு போதும். குறைபாடு 26 வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும் என்றிருந்த அதன் வரம்பு, 2026 ஜனவரி 1 முதல் 46 ஆக உயர்ந்துள்ளது. அன்றாடச் செலவுக்கு உங்கள் மகன் பெயரில் எதையாவது சேர்க்க விரும்பினால் அதில் சேர்க்கலாம்.

இந்திய மனையை அமெரிக்க அறக்கட்டளைக்கு நேரடியாக எழுதுவதில் அங்குள்ள அந்நியச் செலாவணிச் சட்டம் குறுக்கிடும். மாமா அவர்கள் மனையைத் தம் பெயரிலேயே வைத்துக்கொண்டு, விற்கும் காலத்தில் அந்தப் பணத்தை எப்படிச் சேர்ப்பது என்று உயிலில் எழுதலாமா என்பதை இரு நாட்டு வழக்கறிஞர்களிடமும் கேளுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், ஏனெனில் ஒருமுறை அவன் பெயருக்கு மாறிய சொத்தைத் திரும்ப மாற்றுவதையும் எஸ்எஸ்ஐ விதிகள் தனியே கணக்கில் எடுத்துக்கொண்டு, சில காலம் உதவித்தொகையை நிறுத்தி வைக்கும்.